டேஷ்போர்டில் 118, அத்தையின் நோட்டில் 41

மதுரையில் மகால் பக்கத்தில் அத்தை சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறார். கடைக்கென்று ஒரே ஒரு பக்கம் கொண்ட சைட் உண்டு. விளம்பரத்தைத் தொட்டால் அந்தப் பக்கத்துக்கு வரும், அங்கே வாட்ஸ்அப் பட்டனை அழுத்தினால் அத்தையின் போனுக்குப் போகும். அவ்வளவுதான். ஜனவரி கடைசியில், சைட்டுக்கு யார் வந்தார்கள், எதை அழுத்தினார்கள் என்று எண்ணும் கூகுள் அனலிடிக்ஸின் டேஷ்போர்டைத் திறந்து பார்த்தேன். நான்கு வாரத்தில் பக்கத்துக்கு 1,840 வருகை, அதில் 118 முறை வாட்ஸ்அப் பட்டன். நூற்றுக்கு ஆறுக்கு மேல். பிரேம் போட்டு மாட்டலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போன இடத்தில் இதைப் பெருமையாகச் சொன்னேன். அத்தை இலையில் குழம்பை ஊற்றிக்கொண்டே, "யாருடா அந்த 118 பேரு? எனக்கு வந்தது 41 தான்" என்றார்.

அவர் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தார். புதிதாக வாட்ஸ்அப்பில் வந்தவர்கள் தேதி வாரியாக, வாங்கினவர்களுக்கு எதிரே ஒரு டிக். 41 வரிசை, 9 டிக். எத்தனை தடவை கூட்டினாலும் 41 தான். என் கணக்கில் ஏதோ ஓட்டை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனால் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. "சில பேர் அழுத்திட்டு அனுப்பாம விட்டிருப்பாங்க அத்தை" என்று சமாளித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அறிக்கையை மறுபடி பார்த்தபோது, ஒரு மாதமாகக் கண்ணெதிரே இருந்த இரண்டு விஷயங்கள் அப்போதுதான் உறைத்தன. 1,840 வருகைக்குப் பக்கப் பார்வை 3,702. ஒரே பக்கம் உள்ள சைட்டில் ஆளுக்கு இரண்டு பக்கம் எப்படிப் பார்ப்பார்கள்? அடுத்தது, என்கேஜ்மெண்ட் ரேட், அதாவது ஆர்வமான வருகைகளின் பங்கு, நூறை ஒட்டி இருந்தது. வந்த எல்லோரும் ஆர்வமாக நின்று பார்க்கிறார்கள் என்று நினைத்து நான்தான் குளிர்ந்துபோயிருந்தேன். அனலிடிக்ஸ் 4 ஒரு வருகையை எப்போது அப்படிக் கணக்கில் எடுக்கும்? பத்து வினாடிக்கு மேல் நின்றிருக்க வேண்டும், அல்லது பட்டன் அழுத்தல் போல நாம் முக்கியம் என்று குறித்த ஈவெண்ட் ஒன்று நடந்திருக்க வேண்டும், அல்லது இரண்டு பக்கப் பார்வை பதிவாகியிருக்க வேண்டும். மூன்றாவதுதான் என்னை ஏமாற்றியது. ஒரு பார்வை இரண்டாகப் பதிவானால், வந்த வேகத்தில் மூடிவிட்டுப் போனவரும் ஆர்வமானவர் ஆகிவிடுவார்.

காரணம் சப்பையானது. சைட்டை முதலில் செய்து கொடுத்தவர் அனலிடிக்ஸின் கோட் வரிகளை, சைட்டின் தோற்றத்தை அமைக்கும் தீமுக்குள்ளேயே ஒட்டியிருந்தார், பட்டன் அழுத்தலை எண்ணும் நான்கு வரி உட்பட. அது தெரியாமல் நான் இப்படிப்பட்ட எண்ணும் வரிகளை (டேக்) வெளியிலிருந்து மாட்டும் கூகுள் டேக் மேனேஜரைப் போட்டு, அதே கணக்குக்கு இன்னொரு டேக் வைத்தேன். ஒரு வருகைக்கு இரண்டு பார்வை, ஒரு அழுத்தலுக்கு இரண்டு ஈவெண்ட். வருகை எண்ணிக்கை மட்டும் தப்பித்தது, இரண்டு டேக்கும் ஒரே வருகைக்குள்தான் எழுதின. ஆக 118 என்பது உண்மையில் 59. தீமில் இருந்ததை எடுத்துவிட்டு, அந்த நேரத்தில் நடப்பதைக் காட்டும் ரியல்டைம் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு, போனில் பட்டனை ஒரு தடவை அழுத்தினேன். ஒன்று வந்தது. பத்து நிமிடம் காத்திருந்தேன், இன்னொன்று வரவில்லை. அந்தப் பத்து நிமிடம் எனக்கு நீளமாகத்தான் இருந்தது.

இன்னும் 18 இடித்தது, 59க்கும் 41க்கும் நடுவே.

பக்கத்தில் மூன்று பட்டன்கள்: மேலே, நடுவில், அடியில். மூன்றும் ஒரே பெயரில் பதிவானதால் எது எத்தனை என்று பிரிக்க வழி இல்லை. சரி, கையாலேயே பார்ப்போம் என்று ஒவ்வொன்றாக அழுத்தினேன். மேலே உள்ளது அத்தைக்குப் போகிறது. நடுவில் உள்ளதும் போகிறது. அடியில் உள்ளது, எண் தவறானது என்று வாட்ஸ்அப்பே சொல்கிறது. லிங்கில் 91 இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சைபர். நாம் போனில் பேசப் பழகின 0 தான். வாட்ஸ்அப் லிங்குக்கு நாட்டுக் குறியீட்டோடு தொடங்கும் எண் வேண்டும், முன்னால் சைபரோ கூட்டல் குறியோ இருக்கக் கூடாது. பக்கத்தை அடி வரைக்கும் பொறுமையாகப் படித்து, வாங்கலாம் என்று முடிவு செய்து அழுத்தினவரைத்தான் நாங்கள் இத்தனை நாள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம். அனலிடிக்ஸோ அதையும் வெற்றி என்று எண்ணிக்கொண்டிருந்தது. பட்டன் அழுந்தியது மட்டும்தான் அதற்குத் தெரியும், எதிர்முனையில் போன் அடித்ததா என்று தெரியாது.

லேப்டாப்பில் இன்னொரு கதை. பட்டனை அழுத்தினால் வாட்ஸ்அப் வெப் திறக்கிறது, க்யூஆர் ஸ்கேன் செய்யச் சொல்கிறது. ஆபீசில் உட்கார்ந்து சேலை பார்க்கிறவர் அதையெல்லாம் செய்ய மாட்டார். பெரிய திரைக்கு மட்டும் பட்டனுக்குப் பதில் போன் நம்பரையே பெரிய எழுத்தில் போட்டேன்.

மீதி நாங்களேதான். அத்தை தினமும் காலையில் கடை திறந்ததும் "பக்கம் இருக்கா" என்று ஒரு தடவை திறந்து பார்ப்பார். அத்தை மகள் காலேஜில் தோழிகளுக்குக் காட்டுவாள். நானோ கேட்கவே வேண்டாம். அனலிடிக்ஸில் வீட்டு ஐபி முகவரியை, அதாவது இணைய இணைப்பின் எண்ணை, கொடுத்து அதிலிருந்து வருவதை ஒதுக்கலாம். ஆனால் மூன்று பேரும் மொபைல் டேட்டாவில் இருக்கிறோம், ஐபி மாறிக்கொண்டே இருக்கும். அதனால் வேறு வழி: பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு சொல்லைச் சேர்த்து ஒரு தடவை திறந்தால், அந்தப் போனில் குக்கி என்ற சின்ன அடையாளக் குறிப்பு ஒன்று உட்காரும். குக்கி இருந்தால் டேக் மேனேஜர் எதையும் அனுப்பாது. அத்தை போனில் இது ஒழுங்காக வேலை செய்கிறது. அத்தை மகள் ஐபோன்காரி. அதன் சஃபாரி பிரவுசரில், பக்கத்தின் ஸ்கிரிப்ட் இப்படி வைக்கும் குக்கி ஏழு நாளில் அழிந்துவிடும். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை அவள் போனை வாங்கி அந்த லிங்கைத் திறந்து கொடுப்பது என் வேலையாகிவிட்டது.

ஆக, தொடக்கப் புள்ளி 1,840க்கு 41. நூற்றுக்கு 2.2. ஆறு என்று நினைத்தது இரண்டேகால் கூட இல்லை. ஆர்டர் 9, அதாவது நூற்றுக்கு அரை.

அடுத்தது, நோட்டையும் டேஷ்போர்டையும் முடிச்சுப் போடுவது. இன்ஸ்டாகிராம், கூகுள் தேடல், சொந்தக்காரர்கள் பகிரும் லிங்க் என்று வருகை எங்கிருந்து என்பதை லிங்கின் வாலில் ஒட்டும் யுடிஎம் குறிகள் சொல்லிவிடும். ஆனால் வாட்ஸ்அப்புக்குள் நுழைந்ததும் அந்தத் தடம் அறுந்துபோகும். பெரிய கடைகள் இதற்கென்று மென்பொருள் வைத்திருப்பார்கள், எங்களிடம் நோட்டுதான் உண்டு. அதனால் பட்டன் தயாராக நிரப்பி வைக்கும் செய்தியை இடத்துக்கு ஒன்றாக மாற்றினேன். இன்ஸ்டாவிலிருந்து வந்தால் "சுங்குடி விவரம் வேண்டும்". கூகுளிலிருந்து வந்தால் "சுங்குடி விவரம் தேவை". மற்றதெல்லாம் "சுங்குடி விவரம் சொல்லுங்க". அனுப்புகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. அத்தை நோட்டில் வே, தே, சொ என்று ஒரு எழுத்துப் போட்டுவிடுவார். இந்த மாதத்தில் நான் செய்ததில் எனக்கே பிடித்தது இதுதான்.

பிப்ரவரியில் பக்கத்தில் கை வைத்தேன். ஏ/பி டெஸ்ட், அதாவது பாதிப் பேருக்குப் பழைய பக்கம், பாதிப் பேருக்குப் புதிய பக்கம் காட்டி ஒப்பிடுவது, பண்ணலாமா என்று முதலில் யோசித்தேன். இதற்கென்று இலவசமாகக் கிடைத்த கூகுள் ஆப்டிமைஸை 2023 செப்டம்பரிலேயே மூடிவிட்டார்கள், சரி, கோட் நாமே எழுதிக்கொள்ளலாம். கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் ஆசை அடங்கியது. நூற்றுக்கு 2 என்பது 3 ஆகிறது என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல, ஒரு பக்கத்துக்கு 3,800 பேராவது வேண்டும், இரண்டு பக்கத்துக்கு 7,600. எங்களுக்கு வருவது நாளைக்கு அறுபத்துச் சொச்சம். நான்கு மாதம் ஆகும். அதற்குள் சித்திரைத் திருவிழா முடிந்து ஆடியே நெருங்கிவிடும். அதனால் ஒவ்வொன்றாக மாற்றி, முன்னே பின்னே பார்ப்பது, சந்தேகத்தோடு பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டியை மாட்டினேன். இலவசம். வந்தவர் விரல் எங்கே பட்டது, எதுவரை உருட்டினார் என்று வீடியோ போல ஓட்டிக் காட்டும். இரண்டு ராத்திரி உட்கார்ந்து நாற்பது பதிவு பார்த்தேன். முதல் படம் இறங்குவதற்குள் மூடிவிட்டுப் போனவர்கள் ஏராளம். இருந்தவர்களில் பலர் சேலைப் படத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. புள்ளியைப் பெரிதாக்கிப் பார்க்க ஆசை. கடையில் சேலையை விரித்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்களே, அதேதான். இன்னும் சிலர் மேலும் கீழும் இரண்டு மூன்று தடவை உருட்டி எதையோ தேடினார்கள். என்ன தேடினார்கள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

படத்தைப் பார்த்தேன். கடை முகப்பின் போட்டோ, 4 எம்பி, கேமராவிலிருந்து எடுத்து அப்படியே போட்டது. அதற்கு மேல், சைட்டை வேகமாக்கும் பிளகின் ஒன்று எல்லாப் படத்துக்கும் லேசி லோடிங், அதாவது உருட்டி அருகே வந்த பிறகே படத்தை இறக்கும் ஏற்பாடு, வைத்திருந்தது. கீழே இருக்கும் படத்துக்கு அது நல்லது. திறந்ததும் தெரிய வேண்டிய முதல் படத்துக்கு வைத்தால், முக்கியமான விருந்தாளியை வாசலில் நிறுத்தி வைப்பது போல. அதை எடுத்தேன். கடை முகப்பையும் எடுத்துவிட்டு, விளம்பரத்தில் வரும் அதே அரக்குச் சேலையைப் போட்டேன், வெப்பி என்ற, அளவு குறைந்த பட வடிவத்தில் 130 கேபி. தமிழுக்கென்று இரண்டு எழுத்துரு இறங்கிக்கொண்டிருந்தது, அதையும் நிறுத்தினேன். போனில் இருக்கிற தமிழ் எழுத்தே போதும். பக்கத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் எல்சிபி, அதாவது திரையின் பெரிய உருப்படி வந்து சேரும் நேரம், 6.8 வினாடியிலிருந்து 2.3க்கு வந்தது. கூகுள் நல்லது என்று சொல்லும் எல்லை 2.5. ஆனால் நான் நம்பியது அத்தையின் பழைய போனைத்தான். கடைக்குள் சுவர் கனம், சிக்னல் ஒரு கோடுதான். அதில் மூன்று எண்ணுவதற்குள் சேலை வந்துவிட்டது.

தலைப்பு "பாரம்பரியமும் புதுமையும் கைகோக்கும் இடம்" என்று இருந்தது. இதை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், டீக்கடைக்கும் பொருந்தும். அதன் அடியில் புவிசார் குறியீட்டு முத்திரை பெரிதாக. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் கிடைத்தது, பெருமைதான். ஆனால் அத்தையிடம் மக்கள் முதலில் என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்தபோது, அவர் விரல் விட்டுச் சொன்னார்: கையால முடிச்சுப் போட்டதா, பிரிண்டா? சாயம் போகுமா? ப்ளவுஸ் இருக்கா? குறியீடு பற்றி ஒருத்தரும் கேட்டதில்லையாம். அதனால் முத்திரை கீழே போனது. மேலே இந்த மூன்று கேள்விக்கும் ஒரு வரியில் பதில். நூலால் முடிச்சுப் போட்ட துணி சாயத்துக்கு முன்னால் எப்படி இருக்கும், முடிச்சை அவிழ்த்ததும் வெள்ளைப் புள்ளி எப்படி நிற்கும் என்று இரண்டு படம், தொட்டால் பெரிதாகும்படி.

இடையில் இரண்டு முட்டாள்தனம். வாட்ஸ்அப்புக்குப் பதிலாக ஒரு படிவம் வைத்துப் பார்த்தேன், பெயர், ஊர், மின்னஞ்சல் என்று ஐந்து கட்டம். நான்கு நாளில் ஒரே ஒருவர் நிரப்பினார், அதுவும் என் நண்பன். தூக்கிவிட்டேன். அப்புறம் "இன்னும் 2 சேலை மட்டுமே" என்று சிவப்பில் போடலாம் என்றேன். அத்தை பின்னால் திரும்பி அலமாரியைப் பார்த்தார். "அடுக்கி வச்சிருக்கு, வெளியில ரெண்டுன்னு எழுதவா? அப்படி ஒரு வியாபாரம் வேண்டாம்டா." அதற்கு மேல் நான் பேசவில்லை.

இந்த மாற்றங்களுக்குப் பிறகு மூன்று வாரம்: 1,310 வருகை, 47 விசாரணை, 11 ஆர்டர். விசாரணை நூற்றுக்கு 3.6. நோட்டைப் பிரித்துப் பார்த்தால், இன்ஸ்டாவின் வே 29 பேர், வாங்கியது 4. கூகுளின் தே 13 பேர்தான், வாங்கியது 6. சொ 5 பேர், 1. சுங்குடி என்று தானே தேடி வருகிறவருக்கும், விரலை உருட்டும்போது கண்ணில் பட்டு வருகிறவருக்கும் உள்ள வித்தியாசம். அன்றிலிருந்து இன்ஸ்டா விளம்பரக் காசில் பாதி கூகுள் தேடலுக்கு மாறியது.

அடுத்தது விலை. கிளாரிட்டியில் மேலும் கீழும் உருட்டியவர்கள் தேடியது அதைத்தான் என்று எனக்குப் பட்டது. பக்கத்தில் "விலைக்குத் தொடர்பு கொள்ளவும்" என்றுதான் இருந்தது. அத்தை ஒத்துக்கொள்ளவே இல்லை. "விலையப் போட்டா பக்கத்துக் கடைக்காரன் பார்ப்பான். பேசிப் பேசி விக்கிறதுதான்டா வியாபாரம்" என்றார். மாமா வழக்கம் போல இரண்டு பக்கமும் தலையாட்டினார். கடைசியில் மூன்று வாரம் மட்டும் என்று ஒப்பந்தம். பிரிண்ட் ரகம் 750 ரூபாய், கைமுடிச்சு 2,400 ரூபாய், ஏன் இந்த வித்தியாசம் என்று முடிச்சுப் படத்துக்குக் கீழே இரண்டு வரி.

முதல் வாரமே அத்தை போன் போட்டார். "மெசேஜு குறைஞ்சு போச்சு. நான் அப்பவே சொன்னேன்." நானும் பயந்துதான் போனேன். டேஷ்போர்டும் அதையே சொன்னது. மூன்று வாரம் முடிந்தபோது 1,275 வருகைக்கு 36 விசாரணை, நூற்றுக்கு 3.6 என்பது 2.8 ஆகிவிட்டது. என் வேலை கன்வெர்ஷன் ரேட்டை, அதாவது வந்தவர்களில் விசாரிக்கிறவர்களின் பங்கை, ஏற்றுவது என்றால், இது தோல்வி. ஆனால் நோட்டில் டிக் 17. போன மூன்று வாரத்தில் 11. விலை கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள் இப்போது பக்கத்திலேயே விலையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள், அத்தைக்கு வருவது வாங்கும் எண்ணத்தோடு வருகிறவர்கள். நான் எண்ணிக்கொண்டிருந்த பொருளே தப்பு. அன்றைக்கு அனலிடிக்ஸில் வாட்ஸ்அப் அழுத்தலை முக்கிய ஈவெண்ட் பட்டியலிலிருந்து இறக்கிச் சாதாரண ஈவெண்டாக வைத்தேன். ஆர்டரை வாரம் ஒரு முறை நோட்டிலிருந்து எடுத்து ஷீட்டில் ஏற்றுகிறேன்.

இதில் முழுப் பெருமையையும் விலைக்குக் கொடுக்க முடியாது. மூன்றாவது கட்டம் ஏப்ரலில் வந்தது. வெயில் ஏறினால் பருத்திச் சேலைக்கு மவுசு, திருவிழா வேறு. அதனால் பக்கத்தைப் பார்க்காமல் நேராக அத்தைக்குப் போன் போட்டு வாங்கும் பழைய வாடிக்கையாளர்களை எடுத்தேன். பக்கத்தில் நான் என்ன மாற்றினாலும் அவர்களுக்குத் தெரியாது. ஜனவரியில் வாரத்துக்கு 3 பேர், ஏப்ரலில் 4. பருவத்தால் மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. பக்கத்தின் வழியாக வந்தது வாரத்துக்கு இரண்டேகாலிலிருந்து ஐந்தரைக்கு மேல். பருவத்தைக் கழித்தாலும் ஏதோ நிற்கிறது. இவ்வளவு சின்ன எண்களை வைத்துக்கொண்டு அதற்கு மேல் சொன்னால், மறுபடியும் 118 கதைதான்.

இப்போது நோட்டில் ஒரு பத்தி கூடியிருக்கிறது: ஏன் வாங்கலை. அத்தையே போட்டது, நான் சொல்லவில்லை. ஏப்ரலில் வாங்காமல் போன 19 பேரில் 12 பேருக்குக் காரணம் எழுதியிருக்கிறார். நிறம் பிடிக்கலை 3, அப்புறம் சொல்றேன் 2. மீதி 7 பேருக்கு எதிரே ஒரே சொல்: கூரியர். தனியாக 80 ரூபாய் என்றதும் நின்றுவிட்டார்கள்.

"அப்ப 2,400ங்கிறத 2,480னு போட்டு, அனுப்புற செலவு இல்லைன்னு எழுதணுமா?" என்று நேற்று கேட்டார்.

"செலவு உட்பட-னு எழுதுவோம் அத்தை."

"அப்ப கடைக்கே வந்து வாங்குறவங்களுக்கு?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பக்கத்தில் என்ன எழுதுவது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். நான் அத்தை மகளின் போனை வாங்கி, இந்த வாரத்துக் குக்கியைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.